அந்தப் புள்ளையப் பாருடி!

2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் கல்வராயன் மலை மறுபடியும் செய்திகளில் அடிபட்டது. இந்த முறை காரணம் சாராய ஊறல் இல்லை. மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில் இருக்கும் கருமந்துறையில், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் அகில இந்திய அளவில் 417-ஆவது இடம் பிடித்திருந்தார். தையல் தொழிலாளியின் மகள். முதலமைச்சர் வாழ்த்தினார், உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். தொலைக்காட்சிக்காரர்கள் மலையேறினார்கள். ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்து அந்த மலைக்காடுகளில் அதுவரை அவ்வளவு சத்தமாக ஒலித்ததில்லை.

கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் எந்த வெற்றிச் செய்தியும் ஒரே குரலில் வீட்டுக்குள் வருவதில்லை. மலையின் கள்ளக்குறிச்சி பக்கம் வெள்ளிமலையிலும் இன்னாட்டிலும், அடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும் சங்கராபுரத்திலும், பிளஸ் டூவில் எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளைகள் இருந்த வீடுகளில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. “அந்தப் புள்ளையப் பாருடி. அதுவும் மலைக்காரப் புள்ளதான். உனக்கு மட்டும் என்ன கொள்ளை?”

அம்மா இதை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆற்றாமை அவ்வளவுதான். பிள்ளையோ அதை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்க்கும். மறுநாள் அந்த வாக்கியத்தில் ‘உனக்கு’ இருந்த இடத்தில் ‘எனக்கு’ வந்திருக்கும். பிறகு அதைச் சொல்ல அம்மா தேவையில்லை.

மனிதன் ஏன் இப்படி ஓயாமல் பக்கத்து இலையைப் பார்க்கிறான் என்ற கேள்விக்கு 1954-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பதில் எழுதினார். நம் திறமையை அளக்க உறுதியான அளவுகோல் இல்லாதபோது அடுத்தவரை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். அதுவும் நம்மைப் போன்றவரை. உயரத்தை அளக்க இஞ்ச் டேப் இருக்கிறது. ‘நான் கெட்டிக்காரனா?’ என்பதை அளக்க என்ன இருக்கிறது? பங்காளி வீட்டுப் பையன் இருக்கிறான். அம்பானி மகனைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சத்துணவைச் சாப்பிட்டவன் கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தால்தான் தூக்கம் போகிறது. கருமந்துறை மாணவியின் வெற்றி சென்னைப் பிள்ளைகளைச் சுடாது, கல்வராயன் மலைப் பிள்ளைகளைச் சுடும் என்பதற்கு ஃபெஸ்டிங்கரிடம் விளக்கம் இருக்கிறது.

ஒப்பீடு எப்படி வசவாக மாறுகிறது என்பதைப் பிடித்தவர் ஆரோன் பெக். பிலடெல்பியாவில் மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருந்த மருத்துவர். 1921-இல் பிறந்து 2021-இல், நூறு வயதில் இறந்தார். ஃபிராய்டின் கொள்கைகளுக்கு ஆதாரம் தேடித்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1960-களில் அவர் கவனித்தது வேறொன்று. நோயாளிகள் அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக் குட்டி வாக்கியங்கள். கூப்பிடாமலே வரும், சோதித்துப் பார்க்காமலே உண்மையாகத் தோன்றும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘இது எனக்கு எப்போதும் வராது’. தானாக எழும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்து நிறுத்தி, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று நோயாளியையே கேட்கச் சொன்னார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அறிதல் சிகிச்சைமுறையின் விதை அதுதான்.

நம் ஊரில் அந்தக் குட்டி வாக்கியங்களை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியே வேண்டாம். மக்கு, தண்டச்சோறு, உருப்படாதது, மாடு மேய்க்கத்தான் லாயக்கு. வீட்டிலும் வகுப்பறையிலும் காதில் விழுந்தவைதான் எல்லாம். கடைசி வசவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மலையில் மாடும் ஆடும் சாமையும் மரவள்ளியும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மாடு மேய்ப்பவரின் பிள்ளையிடம் ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று ஒரு வாத்தியார் சொன்னால், அது பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னதாகாது. அப்பனையும் சேர்த்துத் திட்டியதாகும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பனை வேறு கண்ணால் பார்க்கும்.

எங்கிருந்து ஓட ஆரம்பித்தார்கள்?

ஒப்பீட்டில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. அது முடிவுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும், தொடக்கங்களை வைக்காது.

கல்வராயன் மலை நெடுங்காலம் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாட்டுக்கு 1947-இல் சுதந்திரம் வந்தது. இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல். அதாவது இன்று பிளஸ் டூ எழுதும் பிள்ளையின் தாத்தா, இளவட்டமாக இருந்த காலத்திலும் ஜாகீர்தாரின் குடிதான். கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதே 2019 நவம்பரில். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அன்று கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 72. மாநிலத்தின் பழங்குடியினரிடையே சுமார் 54. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர்தான் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். எல்லா மலைகளையும் சேர்த்தால் மூன்றரை லட்சத்துக்கும் அதிகம். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். கீழ்நாட்டு ஆபீசுகளில் இதை விளக்கிச் சொல்லியே பாதி நாள் போய்விடும்.)

அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துக்கும் போய்விட, விடுதியிலோ பாட்டியிடமோ இருந்து படிக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்களை, காலையில் டியூஷன், மாலையில் டியூஷன், நடுவில் பூஸ்ட் என்று வளரும் நகரத்துப் பிள்ளைகளோடு ஒரே மதிப்பெண் பட்டியலில் அடுக்குகிறோம். பட்டியலைப் பார்க்கும் பிள்ளைக்கு எண்தான் தெரியும். 1976 தெரியாது.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு சோதனை

இந்த இடத்தில் வடநாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2004-இல் வெளியிட்டார்கள். மேல்சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். வேலை எளிது: தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்துப் பென்சிலால் கோடு போட வேண்டும். முடித்த ஒவ்வொரு புதிருக்கும் காசு.

யாருடைய சாதியையும் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அடுத்து, அறையில் இருந்த ஆறு பையன்களின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை உரக்கப் படித்து, ‘சரிதானே?’ என்று தலையாட்ட வைத்தார்கள். அதே புதிர், அதே பென்சில், அதே காசு. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. இரு தரப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது.

சோதனையின் அழகான பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. சன்மானம் யாருக்கு என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்யும் என்று விதியை மாற்றினார்கள். சாதியை உரக்கப் படித்தும்கூட இடைவெளி காணாமல் போனது. பையன்கள் தங்கள் மூளையை நம்பாமல் சறுக்கவில்லை என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நியாயமாக நடந்துகொள்வார் என்பதைத்தான் அவர்கள் நம்பவில்லை. சீட்டுக்குச் சாதி தெரியாது.

‘நமக்கெல்லாம் எங்க கெடைக்கப் போவுது’ என்று ஒரு மலைப் பிள்ளை சொன்னால், மேடைப் பேச்சாளர்கள் உடனே தன்னம்பிக்கை இல்லை என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் பாதி சுயவெறுப்பாக இருக்கலாம். மீதிப் பாதி, அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக வாங்கிய அனுபவத்தின் சுருக்கம். இரண்டையும் பிரிக்காமல் ‘பாசிட்டிவா யோசி’ என்று சொல்வது, வயிற்றுவலிக்காரனுக்கு நகைச்சுவைப் படம் போட்டுக் காட்டுவது மாதிரி.

பெயர் ஒட்டினால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சி 2024 ஜூனில் நேரடியாகவே பார்த்தது. நகரத்தில் கருணாபுரம் பகுதியிலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தது நகரத்துக்குள். ஆனால் வாரக்கணக்கில் செய்திகளில் மலையின் பெயரும் சேர்ந்தே ஓடியது. சோதனைகள் மலைக்கும் போயின. சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் என்று அரசைக் கேள்வி கேட்டது. அது நல்லதுதான். அதே சமயம் வெளியூரில் ‘எந்த ஊருப்பா?’ என்று கேட்டால் கள்ளக்குறிச்சிக்காரர்கள் பதில் சொல்லத் தயங்கிய காலமும் அதுதான். ‘ஓ, அந்தச் சாராய ஊரா?’ என்ற சிரிப்புக்குப் பயந்து ‘விழுப்புரம் பக்கம்’ என்று சொல்லித் தப்பித்தவர்கள் இருந்தார்கள்.

நட்சத்திரம் யாருக்கு வெளிச்சம்?

அப்படியானால் கருமந்துறை மாணவியை யாரும் முன்மாதிரியாகக் காட்டக் கூடாதா? காட்டலாம். யாரிடம், எப்போது என்பதில்தான் சூட்சுமம்.

கனடாவில் பெனலோப் லாக்வுட், ஸிவா குண்டா என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் படிப்பை முடிக்கும் ஒரு அசாத்திய மாணவரைப் பற்றிய செய்திக்கட்டுரையைக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்களைப் பற்றி உயர்வாக மதிப்பிட்டார்கள். ‘எனக்கும் இன்னும் நாள் இருக்கிறதே’ என்ற தெம்பு. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்தத் தெம்பு வரவில்லை. அவர்களுக்கு வண்டி போய்விட்டது. நட்சத்திரம் ஒன்றுதான்; எட்டும் என்று நினைப்பவனுக்கு வெளிச்சம், எட்டாது என்று தெரிந்தவனுக்குச் சூடு.

கருமந்துறை விடுதியில் இன்று ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமிக்கு அந்த அக்காவின் கதை உரம். அக்கா தூங்கிய அதே கூடம், அக்கா சாப்பிட்ட அதே தட்டு. பக்கத்துப் பச்சைமலையிலிருந்து 2024-இல் திருச்சி என்.ஐ.டி.க்குள் போன பழங்குடி மாணவியின் கதையும் அப்படித்தான். ஆனால் இரண்டு பாடத்தில் தேறாமல் வீட்டில் படுத்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணிடம் அதே கதையை அதே வாரத்தில் சொல்வது வேறு காரியம். பத்திரிகைகளும் இதில் சுத்தமில்லை. ‘கூலித் தொழிலாளி மகள் சாதனை’ என்ற தலைப்பு விற்கும். 2023-இல் திண்டுக்கல் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள் 600-க்கு 600 வாங்கியபோது தமிழ்நாடே மூழ்கி எழுந்தது. ‘ஏழ்மை ஒரு தடையே இல்லை’ என்று அச்சிடும்போது, ஏழ்மையால் தடுக்கப்பட்ட பல்லாயிரம் பேரிடம் ‘தப்பு உன் மேல்தான்’ என்று சொல்லிவிடுகிறோம்.

ஜெயித்தவர்களுக்கும் இந்த வியாதியிலிருந்து விலக்கு இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் காட்சிகளைப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் முகத்தில் மகிழ்ச்சி அதிகம் என்று 1995-இல் எழுதினார்கள். வெள்ளிக்காரர் மேலே தங்கத்தைப் பார்க்கிறார். வெண்கலக்காரர் கீழே, பதக்கமே இல்லாத நான்காமவரைப் பார்க்கிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு இதை எல்லாப் படியிலும் நின்று பார்த்தவர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய கையோடு அவர் பேசியது, மழையில் நனைந்துபோன காலுறையைப் பற்றி. உலகத்தில் இரண்டாவது ஆளாக நின்றும் மனம் அந்தக் காலுறையில்தான் கிடந்தது.

மலைப் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. வாசலைத் தாண்டியபின் வரும் சோதனை இன்னும் கடுமையானது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டியது இது: ஒரே அளவு திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளிக்குப் போனவர் தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கத் தொடங்குகிறார். சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். கருமந்துறையில் முதலாவதாக இருந்தவர், கோச்சிங் சென்டரில் ஐந்து வருடம் புடம்போட்டு வந்தவர்கள் நடுவில் உட்காரும்போது, அறிவு ஒரு அணுவும் குறையாமலே மக்காகிவிட்டதாக உணர்வார். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கொடுத்த கணக்கின்படி, ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து இடையில் வெளியேறிய பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,000-க்கும் மேல். பணம், மொழி, பாகுபாடு, வேறு படிப்புக்கு மாறியது என்று காரணங்கள் பல. அவர்களில் எத்தனை பேரை உள்ளே ஓடிய பேச்சு வெளியே தள்ளியது என்று எந்த அமைச்சகமும் எண்ணுவதில்லை.

குரலின் சங்கிலி

ஃபோன் இந்தக் கதையில் புதிய வில்லன் என்று சொல்வது சுலபம். ஓரளவுக்கு உண்மையும்கூட. இன்ஸ்டாகிராமின் உள் ஆய்வுகள் 2021-இல் கசிந்தபோது, தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருத்தப்பட்ட வளரிளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தது வெளியே வந்தது. ஆனால் கள்ளக்குறிச்சியில் ஃபோனுக்கு முன்பே ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். நீல நிறப் பின்னணி, நடுவில் தாளாளர் பெரிதாக, கீழே தபால்தலை அளவில் நாற்பது முகங்கள், ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் 591, 588, 585. அடிக்கும்போது எடிட் பண்ணிய ஆள் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி வெளுக்க வைத்திருப்பார். ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று அடியில் ஒரு வரி. 540 வாங்கிய பிள்ளை அந்தப் பலகையைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் கை வைக்க முடியும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டிலும் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதற்கு முன்பு மூன்று பேர் படத்தைப் போட்டு, பல லட்சம் பேரை அந்த மூன்று பேரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வானம் இடிந்து விழவில்லை, படிப்பும் கெட்டுப்போகவில்லை. அதற்கும் முன்னால், 2000-களின் தொடக்கத்தில் வந்த இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படாதது. பிளஸ் டூவில் தேறாதவர்கள் ஒரு மாதத்துக்குள்ளாகவே மறுதேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம் என்ற ஏற்பாடு. சென்னையில் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986-இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதற்காக வாதாடினார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போக, தான் மட்டும் வீட்டில் ஒரு வருடம் உட்காரும் ஒப்பீட்டை அந்தத் தேர்வு பல பிள்ளைகளுக்கு இல்லாமல் ஆக்கியது. யாரும் அவர்களிடம் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. தேர்வு அட்டவணையை மாற்றினார்கள். (முடிவுகள் வரும் நாட்களில் மனம் தாங்காதவர்கள் 104, 14416 ஆகிய எண்களில் கூப்பிட்டுப் பேசலாம், கட்டணம் கிடையாது.)

மாணவர்களின் ரேங்க் போனாலும் மாவட்டங்களின் தேர்ச்சி சதவீதப் பட்டியல் ஒவ்வொரு மே மாதமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சங்கிலி அங்கே தொடங்குகிறது. பட்டியலில் மாவட்டம் கீழே இறங்கினால் ஆய்வுக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் வியர்ப்பார். அவர் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டு, ‘பக்கத்துப் பள்ளியில் வருது, உங்க பள்ளியில ஏன் வரல?’ என்பார். தலைமையாசிரியர் ஆசிரியரிடம், ஆசிரியர் பெற்றோரிடம், அப்பா பிள்ளையிடம். கடைசியில் நிற்கும் பிள்ளைக்குக் கைமாற்றிவிட ஆள் இல்லை, தன்னிடமே சொல்லிக்கொள்கிறது. மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியும், நாலு தலைமுறைப் படிப்புள்ள ஊரின் பள்ளியும் அந்தப் பட்டியலில் ஒரே எடையில் நிற்கின்றன.

ஒரு பள்ளியை அதன் மூன்று வருடத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டு, எத்தனை பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நிற்காமல் தேர்வு அறை வரை வந்தார்கள் என்று அச்சிடத் தேவையான கணக்கெல்லாம் கல்வித் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது பெரிய வேலை என்றால், இப்போதைக்கு மாவட்டங்களை அகர வரிசையில் போட்டால்கூடப் போதும். அப்போதும் அரியலூர்தான் முதலில் வரும். நெடுங்காலம் பின்தங்கிய மாவட்டம் என்று பேர் வாங்கியிருந்த அந்த மாவட்டம்தான் 2025 பிளஸ் டூ தேர்ச்சியிலும் முதலிடம். கள்ளக்குறிச்சி ‘க’ வரிசையில், கடலூருக்கும் கரூருக்கும் கிட்டத்தில் எங்காவது நிற்கும். அதற்காக அங்கே யாரையும் ஆய்வுக் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது.